எழுத்து வெளிப்பக்கம்

1930களில் நான் சாமான் நிறுத்துக் கொடுத்த கண்டிக் கடைக்கு, கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு அம்மா கடதாசிப் பை ஒட்டிக்கொண்டு வருவார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வளர்ந்தவர். விரல்களெல்லாம் பசையில் வெடித்திருக்கும். ஆபீசுகளில் நாங்கள் வாங்கிக் கொடுக்கும் பழைய கடதாசியை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கத்தரிப்பார்.

ஒருநாள் அவர் கொண்டுவந்த பைகளெல்லாம் கையெழுத்தாக இருந்தன.

"இது யார் எழுத்தும்மா?"

"என்னோடதுங்க. பத்திரிகை ஆபீசுக்கு அனுப்புன கதைங்க. அச்சுல வரும்னு மூணு வருசமாப் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க குடுத்த கட்டுக்குள்ள கெடந்துச்சு."

"எடுத்து வச்சிருக்கலாமே!"

"கடதாசி கடையோடதுங்களே. களவெடுத்தேன்னு வேலைய நிப்பாட்டிட்டா புள்ளைகளுக்கு என்னத்தக் குடுப்பேன்?" ஒரு பையைத் திருப்பிக் காட்டினார். "எழுத்த வெளிப்பக்கமா வச்சுத்தான் ஒட்டியிருக்கேன். சாமான் வாங்குறவுக படிப்பாங்களா ஐயா?"

"படிப்பாங்க" என்றேன்.

அதன் பிறகு அவர் வரவேயில்லை. பருப்புக்கும் மிளகாய்க்குமாக அந்தப் பைகளை ஒவ்வொன்றாக ஊதி விரித்துக் கொடுத்தேன். கடைசிப் பையும் போன பிறகுதான், நானே ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.