குழிக்குள் இரண்டு மூட்டை பொட்டாஷ்

எரிவாயுக் கிணறு போடும் இடங்களில், துளைக்குள் விடும் சேற்றுத் தண்ணீரைக் கலப்பதுதான் என் வேலை. விடுப்பில் ஆர்.எஸ்.மங்கலம் போனபோது, மாமனார் தோட்டத்தில் போர் பாதியில் நின்றிருந்தது. ஆழத்தில் இருந்த களிப்பாறை தண்ணீரைக் குடித்து உப்பி, போட்ட துளையை அடைத்துக்கொண்டே இருந்தது.

தென்னைக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு மூட்டை பொட்டாஷ் உரத்தை, துளைக்குள் விடும் சேற்றுத் தண்ணீரில் கரைக்கச் சொன்னேன்.

"நல்ல தண்ணிக்குப் போர் போடுறோம். மாப்ள உப்பக் கரைக்கச் சொல்றாரு" என்று மாமனார் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு டம்ளரில் அந்தக் களிக்கட்டியைப் போட்டுக் காட்டினேன். வெறும் தண்ணீரில் போட்டது இட்லி மாவாய்ப் பொங்கி உதிர்ந்தது. பொட்டாஷ் தண்ணீரில் போட்டது அப்படியே கிடந்தது. அதை நசுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் கம்பி தங்குதடையில்லாமல் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மருமகன் என்பதையும் மறந்து வரப்பில் குதித்தேன்.

துளையைக் கழுவியபோது வந்த முதல் தண்ணீரை நாக்கில் வைத்த மாமனார், உப்புக் கரிக்கவே துப்பிவிட்டு, மண்வெட்டியால் வாய்க்காலைத் தென்னைப் பக்கம் திருப்பினார். பக்கத்துத் தோட்டக்காரரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது:

"எங்க மாப்ள தென்னைக்கு உரம் வைக்கணும்னா, எரநூறு அடிக்குக் கீழ போயித்தான் வைப்பாரு."