திரும்பும் எண்ணம் உண்டா?

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது மலாயாவில் இருந்து கப்பலேறித் தப்பி வந்த எங்களைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரும் அகதிகள் என்று சொல்லவில்லை. "ஒரு மாதிரி ஊருக்கு வந்து சேர்ந்திட்டியள்" என்றுதான் சொன்னார்கள். எந்த ஊருக்கு? அம்மா மலாயாவில் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவள். நானும் அங்கேதான் பிறந்தேன். கலியாணத்துக்காக வந்து மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்ததைத் தவிர அம்மாவுக்கு இலங்கையில் வேறு கொடுக்கல் வாங்கல் கிடையாது. எங்கள் ஊர் எதுவென்று எங்களுக்கே பாடம் எடுத்தவர்களை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களை வைத்திருந்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். அவரும் மலாயாவில் பிறந்தவர்தான். பத்து வயதில் படிப்புக்காக யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டு, பிறகு கொழும்பில் அரசாங்கக் கிளார்க் ஆனவர். நல்ல மனிதர். சோற்றுக்கும் துணிக்கும் குறை வைக்கவில்லை. என்னை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஆனால் மலாயாவில் அம்மா மருத்துவச்சி. சைக்கிளில் வேலைக்குப் போவாள். மலாய்க்காரி, சீனத்தி, தமிழச்சி என்று எல்லார் வீட்டிலிருந்தும் அவளைத் தேடி வருவார்கள். இங்கே அவள் மாமியின் குசினியில் தேங்காய் துருவும் மச்சாள். கொட்டாஞ்சேனையில் ஒரு பிரசவத்துக்கு அவளைக் கேட்டு ஆள் வந்தபோது மாமா துள்ளினார். "கிளார்க்கின்ர தங்கச்சி ஒழுங்கை ஒழுங்கையாப் பிள்ளைப்பேறு பாக்கப் போறதோ? சனம் என்ன கதைக்கும்?" அம்மா போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். மாமா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அப்பாவை ரயில்வே வேலை விடவில்லை. பின்னால் வருகிறேன் என்று மலாயாவிலேயே நின்றுகொண்டார். யுத்தம் முடிந்த பிறகு அவருடைய நண்பர் ஒருவரின் கடிதம்தான் வந்தது. காய்ச்சலில் இறந்து இரண்டு வருடமாம். அம்மா மூன்று நாள் பாயை விட்டு எழும்பவில்லை.

சில மாதங்களில், மலாயாவுக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்குக் கப்பலில் இடம் கொடுக்கத் தொடங்கினார்கள். பக்கத்து ஒழுங்கையில் எங்களைப் போலவே வந்திருந்த குடும்பத்துக்கு அறிவித்தல் வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை. அம்மா மாமாவிடம் விசாரித்தாள்.

"திரும்பிப் போறியளோ எண்டு கேட்டு வந்த படிவத்தை நான் அப்பவே நிரப்பிக் குடுத்திட்டன்" என்றார் மாமா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். சொந்த நாடு இலங்கை, திரும்பும் எண்ணம் இல்லை என்று எழுதி, அம்மாவுக்குப் பொறுப்பானவர் என்று தானே கையெழுத்தும் போட்டிருந்தார். அதில் பிழை இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அண்ணை, என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"கேக்க என்ன கிடக்கு? அவரே இல்லையெண்டான பிறகு அங்க ஆரிட்டப் போகப்போறாய்?"

"அவருக்காகத்தான் போறன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? அவர் இருந்தாலும் போவன், இல்லாட்டியும் போவன். அங்க நான் ஒரு ஆள் அண்ணை. இங்க நான் வந்த சனம்."

எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது. பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மாமா அப்படி எழுதியது எனக்குள் சந்தோஷமாக இருந்தது. எனக்குப் பதினாறு வயது. மலாயா என்றால் சைரன் சத்தமும் அவசரமாகக் கட்டிய மூட்டைகளும்தான் நினைவுக்கு வரும். என் சிநேகிதிகள், பள்ளிக்கூடம், சிங்களத்தில் பேரம் பேசி நான் மாங்காய் வாங்கும் கடை, எல்லாம் இங்கேதான் இருந்தன. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் யாரிடமும் கேட்காமல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறினாள். கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருந்த அலுவலகத்தில் ஒரு பறங்கி உத்தியோகத்தர் இருந்தார். அவருடைய இங்கிலீஷுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கணவரும் இல்லை, பிறகு எதற்காகப் போக வேண்டும் என்று கேட்டார்.

"எனக்கு அங்க வேலை இருக்கெண்டு சொல்லு."

நாலு வருடத்துக்கு முந்திய வேலை இன்னும் இருக்குமா என்றார் அவர்.

"அங்க பிள்ளை பிறக்கிறது நிண்டுபோச்சோ எண்டு கேள்."

கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். ஆட்கள் எத்தனை என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினார்.

"ஒன்று" என்றேன் நான், இங்கிலீஷில். அந்தளவு இங்கிலீஷ் அம்மாவுக்கும் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வரமாட்டன் அம்மா. எனக்கு ஊர் இதுதான்."

கன்னத்தில் அறை விழும் என்று எதிர்பார்த்தேன். உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்தார். சின்னப் பிள்ளைதானே, தாய் சொல்வதைத்தான் எழுதுவேன் என்று அம்மாவிடம் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. இரண்டு என்று ஒரு சொல் சொன்னால் போதும், நானும் கப்பலில். அவள் வாயைத் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

"அவளிட்டக் கேளுங்கோ" என்றாள் அம்மா. அவருக்குத் தமிழ் விளங்காது என்று நினைவு வந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதையே திரும்பச் சொன்னாள்.

போகிறாயா என்று அவர் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். இரண்டை வெட்டி ஒன்று என்று எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது இரண்டு பேரும் சனத்தைப் பார்க்காமல் அழுதோம். ஆனால் மனதை மாற்றிக்கொள் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை.