ஜெர்மன் பாடமும் பவானி வெள்ளமும்

எங்கள் மில்லில் புது இயந்திரங்களைப் பூட்ட ஒரு ஜெர்மன் ஃபிட்டர் வந்தபோது, அவரோடு பேச ஆள் தேவைப்பட்டது. ஆபீசில் நாலு புத்தகம் படித்தவன் நான்தான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஜெர்மன் பாடநூல் ஒன்றைப் படித்துவருவதாகப் பெருமையடித்தும் இருந்தேன். மானேஜர் என்னையே துபாஷியாக்கினார்.

நான் முடித்திருந்தவை இரண்டே பாடங்கள். முதலாவது அன்றாட வழக்கங்கள்: எழுகிறேன், பல் துலக்குகிறேன், காப்பி குடிக்கிறேன். அடுத்தது பொழுதுபோக்குகள்: நீந்துகிறேன், மலையேறுகிறேன், தபால்தலை சேர்க்கிறேன். இவற்றை வைத்துக்கொண்டு ஓர் ஆணியைக்கூட முடுக்க முடியாது. துரை எதைக் கேட்டாலும் ‘யா, யா’ என்று சிரிப்பேன். விருந்தாளி பேச்சுக்கு ஆமாம் போடுவது எங்கள் பக்கத்து மரியாதை. அதை ஜெர்மனிலும் செய்தேன். அவர் சைகையாலும் திருப்புளியாலும் வேலையை நடத்திக்கொண்டார்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் என் மேசைக்கு வந்து ஏதோ கேட்டார். ‘ஸோன்டாக்’ காதில் விழுந்தது, ஞாயிறு. சத்தியமங்கலம், பவானி. ‘ஷ்விம்மன்’; நீந்துவது. இரண்டாம் பாடம்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நடுவில் வந்த நீளச் சொல் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ‘யா, யா’ என்றேன். கையைக் குலுக்கிவிட்டுப் போனார். ‘ஆபத்தில்லையே?’ என்று கேட்டிருக்கிறார். அது அகராதி வாங்கிய பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. நீலகிரியில் மழை கொட்டி, பவானியில் வெள்ளம் என்று பத்திரிகையில் இருந்தது.

“ஏனுங்க, தொரை உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?” என்றார் மானேஜர்.

“ஆத்துக்குப் போறேன்னாருங்க.” நான் சொன்ன பதிலைச் சொல்லவில்லை.

மானேஜர் காரிலேயே சத்தியமங்கலத்துக்குப் புறப்பட்டோம். துரையின் மனைவிக்கு நான்தான் எழுத வேண்டிவரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். என்னிடமிருந்த சொற்களில் அந்தக் கடிதம்: எழுந்தார், காப்பி குடித்தார், நீந்தினார். மேற்கொண்டு சொல் இல்லை.

சத்தியமங்கலம் ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்தார். காலில் கட்டு, நெற்றியில் தையல். அவரை இழுத்துக் கரை சேர்த்த பரிசல்காரருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

“நொரை கட்டி வர்ற தண்ணீல குதிச்சுப்போட்டாருங்க! வேண்டாம் வேண்டாம்னு கத்தறோம், சிரிச்சுக்கிட்டே கையாட்டறாரு. எந்தப் புண்ணியவான் எறங்கச் சொன்னாருங்களோ!”

“நானுங்க” என்றேன். மானேஜர் திரும்பினார். “அவரு கேட்டது வெளங்கலீங்க. ஆமான்னு சொல்லிப்போட்டேன்.”

அவர் அதிர்ச்சியடையவில்லை. “உங்களுக்கு அந்தப் பாசை தெரியாதுன்னு மில்லு முச்சூடும் தெரியுமுங்க. வேடிக்கையா இருக்குதுன்னு நாங்களும் உட்டுப்போட்டோம். இவரு ஒருத்தருதான் நம்பியிருக்கறாரு.”

கட்டிலில் கிடந்தவர் என்னைக் கண்டதும் முகம் தெளிந்து, டாக்டரைச் சுட்டிக்காட்டி, காலைத் தொட்டுக்காட்டி, மடமடவென்று பேச ஆரம்பித்தார். டாக்டர் என் வாயைப் பார்த்தார். நான் இரு கைகளையும் விரித்துத் தலையை இட வலமாக அசைத்தேன். துரை பேச்சை நிறுத்தவில்லை. கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, முதலிலிருந்து சொன்னார்.