யு.பி.எஸ். தாலாட்டு

கரண்ட் போனால் ஊரே திட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், எப்போது போகும் என்று காத்துக் கிடந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டாயிரத்து ஒன்பதில் எங்கள் தெருவுக்குக் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு. சிதம்பரம் அண்ணாமலை நகரில், லாட்ஜுகளும் ஜெராக்ஸ் கடைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும் தெருவில் எங்கள் வாடகை வீடு. பத்து மணி அடித்ததும் மின்விசிறி நிற்கும், எதிர் லாட்ஜின் தண்ணீர் மோட்டார் நிற்கும், ஜெராக்ஸ் மெஷின்கள் நிற்கும், நாலு வீட்டு டி.வி.யும் ஒரே நேரத்தில் வாயை மூடும். என் மாமியார் "எழவெடுத்த கரண்டு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் பேசப் போய்விடுவார். வீட்டில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பதிவு செய்ய எனக்கு அதை விட்டால் வேறு அமைதி கிடையாது.

ஆனால் கம்ப்யூட்டர் ஓட கரண்ட் வேண்டுமே. அதற்குத்தான் யு.பி.எஸ். என் கணவர் கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கி வைத்தது. கரண்ட் போன பிறகு பத்து நிமிஷம் தாங்கும். மானிட்டரை அணைத்துவிட்டால் பதினைந்து நிமிஷம் வரை இழுக்கும் என்று நானே கண்டுபிடித்தேன். பதிவு பட்டனை அமுக்கி, மானிட்டரை அணைத்து, கருப்புத் திரையைப் பார்த்தபடி, பதிவாகிறதா இல்லையா என்று தெரியாமலே வாசிப்பேன். அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. பேட்டரியில் ஓடும்போது சில நொடிக்கு ஒருமுறை கீச்சென்று கத்தும். ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, கத்துகிற அந்தச் சின்ன வட்டத்தின் மேல் பஞ்சை வைத்து பிளாஸ்திரி ஒட்டினேன். பிள்ளைக்கு வைத்திருந்த பஞ்சு. அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு பாடு எதற்கென்றால், கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எங்கள் சர்ச்சின் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்கு ஒரு சி.டி. போடுவதாக முடிவு செய்திருந்தது. ப்ளஸ் டூ காலத்திலிருந்து அந்தக் குழுவில் கிட்டார் நான்தான். குழுவை நடத்துகிற அண்ணன், என்னைவிட நாலு வயது பெரியவர், போன் பண்ணினார்.

"தாலாட்டுப் பாட்டு ஒன்னு இருக்கும்மா, நம்மளே மெட்டு போட்டது. அதுக்கு கிட்டார் மட்டுந்தான். நீ வாசிச்சாத்தான் நல்லாருக்கும். பிராக்டீஸுக்கு வர முடியுமா?"

"புள்ளைய வச்சிக்கிட்டு எப்படிண்ணே வர்றது?"

"அப்ப வீட்லயே பதிவு பண்ணி அனுப்பு. இங்க நாங்க மேல பாடிக்கிறோம். டிசம்பர் மொதோ வாரத்துக்குள்ள வேணும். இல்லேன்னா கீபோர்டுல கிட்டார் சத்தத்த வச்சி ஒப்பேத்திடுவோம்."

சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை வேறு நிறுத்தி வைத்திருந்தார்கள். போகக் கூடாது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமே. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது நன்றாகவே வரும். "போயிட்டு வாயேன், ஆனா புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கே" என்பார் மாமியார். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார் கணவர். பிள்ளைக்கு எட்டு மாசம். எட்டு மாசத்தில் நான் தெருமுனை மெடிக்கல் ஷாப்பைத் தாண்டியது மூன்று முறை. என்னால்தான் வெளியே போக முடியவில்லை, என் வாசிப்பாவது இந்த வீட்டை விட்டு வெளியே போகட்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

வீட்டுப் பதிவுக்கு என்னிடம் இருந்த மைக், கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த ஹெட்போனில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கொம்பை ஒயர் அறாமல் ஒடித்தெடுத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கரண்டிக் காம்பில் கட்டி, கரண்டியை அரிசி டின்னில் குத்தி நிறுத்தினேன். முதலில் கிட்டாரின் வட்டத் துளைக்கு நேராக வைத்தேன். தவில் மாதிரி கும்கும் என்று விழுந்தது. கழுத்தும் உடம்பும் சேரும் இடத்துக்கு எதிரே ஒரு சாண் தள்ளி வைத்தபோதுதான் கம்பி கம்பியாகக் கேட்டது. அறை முழுக்க எதிரொலி. பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, உள்ளே தொங்கும் புடவைகளைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தேன். கல்யாணப் புடவைகளுக்கு அதைவிட நல்ல உபயோகம் பிறகு வரவே இல்லை.

விரல் பிரச்சினை வேறு. கிட்டார் வாசிக்க இடது கை விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்க வேண்டும். துணி துவைத்து ஊறிய விரலில் காய்ப்பு வெளுத்து உரிந்துவிடும், கம்பியை அழுத்தினால் உயிர் போகும். அதனால் காலையில் துவைப்பதை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு மணிக்கு மேல் துவைத்தேன். "மத்தவங்க துணி காய்ஞ்சி எடுக்குற நேரத்துல இவ ஊற வைக்கிறா" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாட்டு நாலரை நிமிஷம். கட்டைவிரல் மேல் கம்பிகளில் நிதானமாக நடக்க, மற்ற மூன்று விரலும் கீழே ஒவ்வொன்றாகக் கம்பியைத் தொட்டு எடுக்க வேண்டும். தூளி ஆடும் வேகம். தாளம் தவறாமலிருக்க கம்ப்யூட்டரில் டிக் டிக் என்று அடிக்கும் சத்தத்தை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம், வசதி இருந்தது. நான் ஹெட்போன் போடவில்லை. ஹாலில் தூளியில் பிள்ளை. அவன் சிணுங்கினால் எனக்குக் கேட்க வேண்டும், இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியமில்லை. ஒரு பதிவு, தப்பினால் இரண்டாவது, அதற்கு மேல் பேட்டரி இருக்காது. சேமிப்பதற்குள் பெட்டி அணைந்துவிட்டால் எல்லாம் போச்சு. ஒருமுறை அப்படித்தான் போனது. மறுநாள் பத்து மணி வரை அழுதுகொண்டே வேலை பார்த்தேன்.

பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் ஒரு கம்பிகூடப் பிசகாமல் முழுதாக வந்தது. பிள்ளை அழவில்லை, தெருவில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. சேமித்துவிட்டு பீரோவுக்கு எதிரே தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிரவுசிங் சென்டரில் சி.டி.யில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தேன், அவரும் மறக்காமல் செய்தார். பிள்ளையைப் பார்க்க வந்த அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக் கடலூர் கொண்டு போனார். பஸ் கிளம்பியிருக்கும், பரங்கிப்பேட்டை முக்கு தாண்டியிருக்கும் என்று மனசுக்குள் கூடவே போனேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் போன் வந்தது. முதலில் சிரித்தார்.

"என்னம்மா இது, தாலாட்டு பாடுனா புள்ள தூங்கணும். இதக் கேட்டா எழுந்து ஓடிடும்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"ஆரம்பம் சரியா இருக்கு. போகப் போக ஓட்டம் புடிக்கிற. கடைசி சரணத்துல நம்ம அக்காங்க மூச்சு வாங்குறாங்க, பாட முடியல. நாலரை நிமிஷப் பாட்டு மூணே முக்கால்ல முடிஞ்சிடுது."

போனை வைத்துவிட்டு நானே கேட்டேன். இத்தனை நாளில் முதல்முறையாக, தப்பு இருக்கிறதா என்று பார்க்காமல், பாட்டாகக் கேட்டேன். அவர் சொன்னது சரி. முதல் சரணத்தில் தூளி ஆடுகிறது. இரண்டாவதில் யாரோ வேகமாக ஆட்டுகிறார்கள். மூன்றாவதில் பேட்டரி இருக்குமா, பிள்ளை எழுந்துவிட்டானா, மாமியார் திரும்பி வருகிறாரா, குக்கர் வைக்கவில்லையே, எல்லாம் என் கட்டைவிரலில் கேட்கிறது. ஒரு கம்பியும் பிசகவில்லை, எல்லாம் சுத்தமாக இருந்தது. சுத்தமாக ஓடியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட என் மேலேயே பரிதாபமாக இருந்தது.

மறுபடி போன் பண்ணினேன். "சனிக்கெழம ஒரு நாள் வந்துட்டுப் போயிடும்மா, ஒரு மணி நேர வேல" என்றார் அண்ணன். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் கேட்டேன். கேட்பதற்கு முன்னால் நாலு முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"ஏங்க, சனிக்கெழம கடலூர் போயிட்டு வரட்டுமா? நேர்ல வாசிச்சா சரியா வரும்னு சொல்றாங்க. புள்ளைய நீங்களும் அத்தையும் பாத்துக்கிட்டா சாயங்காலம் வந்துடுவேன்."

அவர் கோபப்படவில்லை. சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "இங்க என்ன கொறச்சல்?" என்று கேட்டார்.

"யு.பி.எஸ். பத்தலீங்க. அவசரத்துல வாசிக்கிறேன்."

"அவ்ளோதானே? அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. இன்வெர்ட்டர் போட்டுடலாம். ரெண்டு மணி நேரமும் நிம்மதியா வாசி. எதுக்குப் பஸ்ல அலையிற?"

வெள்ளிக்கிழமையே இன்வெர்ட்டர் வந்துவிட்டது. சூட்கேஸ் அளவு பேட்டரியை இரண்டு பேர் தூக்கி வந்து ஹால் மூலையில் வைத்தார்கள். மாமியார் அதற்குப் பூ வைத்து, சிலுவை போட்டு ஜெபம் பண்ணினார். "பொண்டாட்டி பாட்டு வாசிக்கணும்னு இன்வெர்ட்டர் வாங்குறவன் எவன் இருக்கான்?" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவ்வளவு அன்பாக ஒருவர் செய்யும்போது வேறு எப்படி இருப்பது?

சனிக்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நிற்கவில்லை. டி.வி. நிற்கவில்லை. மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? பக்கத்து வீட்டு அக்காவும் இன்னொருத்தரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அவர்கள் வீட்டில் சீரியல் பார்க்க முடியாதே. நான் அறைக் கதவைச் சாத்தி, பீரோவைத் திறந்து, கரண்டியை நட்டு, பதிவு பட்டனை அமுக்கினேன். இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. திரும்பப் போட்டுக் கேட்டால் கிட்டாருக்குப் பின்னால் சீரியலில் ஒரு மருமகள் கத்துகிறாள், ஹாலில் மூன்று பேர் அவளுக்குப் பதில் சொல்கிறார்கள்.

டி.வி.யை நிறுத்தச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். ஹாலுக்குப் போனேன். மாமியார் என்னைப் பார்த்து, "வாம்மா, ஒன் புண்ணியத்துல உக்காந்து பாக்குறோம்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். சாயங்காலம் மாடிப்படியில் நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் பண்ணி, "கீபோர்டே வச்சிக்கோங்கண்ணே" என்றேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு, நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். கையில் இருந்ததே நேரம் ஒன்றுதான். வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சர்ச்சிலேயே சி.டி. வெளியிட்டார்கள். அதற்கு மட்டும் குடும்பமே கடலூர் போனோம். பிள்ளைக்குப் புதுச் சட்டை. பெட்டி ஒலிபெருக்கியில் பாட்டுகளைப் போட்டார்கள், மூன்றாவதாகத் தாலாட்டு. அண்ணன் நன்றாகவே செய்திருந்தார். கீபோர்டின் கிட்டார் சத்தம், ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில், கடைசி வரை ஒரே வேகம். விரல் கம்பியில் வழுக்கும் சத்தம் எங்குமே இல்லை. கிட்டார் தெரிந்தவர்கள் இரண்டு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்தார். முகமெல்லாம் பெருமை.

"சூப்பரா வாசிச்சிருக்க. இன்வெர்ட்டர் வாங்குனது வீண் போவல பாத்தியா?"

கல்யாணமாகி இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் அவர் பக்கத்து அறையில் இருக்கும்போதும் நான் வாசித்திருக்கிறேன், ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை. நல்ல மனிதர், என் வாசிப்புக்காக அலைந்தவர். அவ்வளவு நாளில் ஒரு நாள்கூட அவர் அதைக் கேட்கவில்லை என்பது எனக்கு அந்த பெஞ்சில்தான் தெரிந்தது. கோபம் வந்திருந்தால் தேவலை. பயமாக இருந்தது. "ஆமாங்க" என்றேன்.