டீச்சரம்மாவுக்கு அடித்த பலகை

படகு போய்விட்டது. அதில் குறுக்கே அடித்திருந்த பலகை மட்டும் வாசலில் சாய்ந்து நிற்கிறது. டீச்சரம்மாவுக்காக அடித்தது. படகுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சேலை நனையும்.

எழுபதுகளின் கடைசி. அவர் பட்டணத்துக் கல்லூரியில் விலங்கியல் நடத்தினார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வருவார். நான் கழி ஊன்றி ஏரிக்குள் கொண்டுபோவேன். சேற்றில் இறங்குகிற வேலை என்று மற்ற வாத்தியார்கள் யாரும் வருவதில்லை. பரீட்சையில் தவறின பிள்ளைகளின் வகுப்பும் இவர் தலையில்தான். கேட்டால், "இன்னாண்ணே பண்றது, குடுத்தத வாங்கிக்கணும்" என்பார்.

அந்தக் கல்லூரியில் ஒரே ஒரு நிரந்தர வேலை. அதற்கு இவரும் இன்னொரு வாத்தியாரும் போட்டி. யார் வகுப்பில் அதிகம் பேர் தேறினார்கள் என்று பார்க்க ஒரு கமிட்டி. அந்த மூன்று பேரும் ஒருநாள் ஏரிக்கும் வந்தார்கள். மூவரும் பலகையில் உட்கார்ந்தார்கள். டீச்சரம்மா படகின் முன்பக்கம், தேங்கின தண்ணீரில் நின்றார்.

வழியில் ஒருவர் வலைகளைக் காட்டிக் கேட்டார்: "அவன் வலையில மீன் துள்ளுது. இவன் வலை காலி. சோம்பேறியாப்பா?"

"இன்னிக்கு அவன் பாடு அங்க சார்" என்றேன்.

பாடு என்பது எங்களுக்குள் வலை கட்டும் இடத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிற முறை. இன்று மீன் ஏறும் முகத்துவாரத்தில் வலை கட்டுகிறவன், அடுத்த முறை மீன் வராத மூலையில் கட்ட வேண்டும். அதனால் ஒரு நாள் மீனைப் பார்த்து எவனையும் குறை சொல்லமாட்டோம். இதையெல்லாம் டீச்சரம்மாதான் அவர்களுக்கு விளக்கினார். பிறகு மெதுவாக, "எங்களையும் அப்படிப் பாருங்க சார். எனக்கு மட்டும் பாடு மாறவே இல்ல" என்றார்.

"காலேஜுல வலை கட்டச் சொல்றியாம்மா?" என்றார் கேட்டவர். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர் டீச்சரம்மாவின் நனைந்த காலைப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரையில் இறால் வறுவல் சாப்பிட்டுப் போனார்கள்.

அடுத்து வந்தபோது, "எனக்கு ஆகலண்ணே" என்றார். நல்ல வகுப்பு வைத்திருந்த வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதன்பிறகு டீச்சரம்மா வரவில்லை. எந்த ஊரில் இருக்கிறாரோ.

இப்போது என் மகள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போன மாதம் அவளுக்கும் கமிட்டி. "எந்த க்ளாஸ் குடுத்திருந்தாங்கன்னுதான் நைனா முதல்ல கேட்டாங்க" என்றாள். நல்லது என்றேன்.

பலகையை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்று பேர் தாராளமாக உட்கார்ந்தது. கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்திருந்தால் நாலு பேருக்கு இடம் இருந்தது.