டிக்கிக்குள் கேட்ட குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது திண்டிவனத்தில், பட்டப்பகலில், அறிவுச்செல்வனுக்கு நடந்தது. மயிலம் ரோட்டில் இருந்த அவனுடைய பட்டறை இன்று பூட்டிக் கிடக்கிறது.

விழுப்புரம் நெடுஞ்செழியன் தன் ரேஸ் காரை அங்கே கொண்டுவந்தார். பின் சீட்டைக் கழற்றியிருந்தார்கள். டிரைவரின் முதுகுக்கும் டிக்கியில் வைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவே மறைப்பே இல்லை. அங்கே அலுமினியத் தகடு அடித்து, இண்டு இடுக்கில்லாமல் அடைக்க வேண்டும். பின்னால் தீப்பிடித்தால் டிரைவர் இறங்கி ஓடக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஃபயர்வால் என்பார்கள். அது இல்லாத காரை ரேஸில் விடமாட்டார்கள்.

விளிம்பு முழுக்கப் பழைய ரிவெட் ஆணி ஓட்டைகள் இருந்தன.

"முன்னயே ஒரு தகடு இருந்துச்சா சார்?"

"இருந்துச்சி. எடுத்துட்டோம். நீ வேலையப் பாரு."

அறிவுச்செல்வன் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான். மத்தியானத்துக்குள் தகடு உட்கார்ந்துவிட்டது. இனி சோதனை. ஒருவர் டிக்கிக்குள் படுத்துக் கதவை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் காருக்குள்ளிருந்து விளக்குப் பிடிக்க வேண்டும். டிக்கிக்குள் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ, அங்கே ஓட்டை.

"நீங்க படுத்துக்கிறீங்களா சார்?"

"போன் பேசிட்டு வர்றேன்."

அவன் விளக்கோடு காருக்குள் ஏறினான். சற்று நேரத்தில் பின்னால் கதவு மூடும் சத்தம்.

டப்.

"தெரியுதா சார்?"

"இடது மூலைல வெளிச்சம் வருதுண்ணா."

அண்ணாவா? அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர் அவர். கிண்டல் போலிருக்கிறது என்று நினைத்தபடி அந்த மூலையில் பசையை அப்பினான்.

"மேல ஒண்ணு..."

அதையும் அடைத்தான். பெட்ரோல் வாடை அடித்தது. டேங்க்தான் வெளியே கிடக்கிறதே?

"கீழ, உன் முட்டிகிட்ட..."

அடைத்தான். தகடு சுட்டது. வெயில் என்று நினைத்தான். கார் நின்றது கூரைக்கு அடியில்.

"இப்ப இருட்டாயிடுச்சிண்ணா. ஜல்தி தொற."

அவன் நிமிர்ந்தான்.

முன் கண்ணாடி வழியே நெடுஞ்செழியன் தெரிந்தார். இரண்டு டீ கிளாஸோடு ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

டக்.

தகடு அவன் பக்கமாகப் புடைத்தது.

டக்... டக்...

"தொறண்ணா... சுடுது..."

வாசலில் கிளாஸ் உடைந்தது. நெடுஞ்செழியன் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"வேங்கடேசா... விட்டுடுடா."

அறிவுச்செல்வன் பாய்ந்து போய் டிக்கியைத் திறந்தான்.

யாரும் இல்லை.

"யாரு சார் வேங்கடேசன்?"

நெடுஞ்செழியன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதே ரிவெட்டுகளைத் துளைபோட்டுத் தகட்டைப் பிடுங்கி எறிந்தான் அறிவுச்செல்வன். நெடுஞ்செழியன் தடுக்கவில்லை. மறுநாள் காரை வேறு பட்டறைக்கு இழுத்துப் போனார்.

அறிவுச்செல்வனுக்கு மனசு ஆறவில்லை. விழுப்புரத்து மெக்கானிக்குகளிடம் விசாரித்தான். கோலியனூரில் ஒரு வேங்கடேசன் இருந்தான், செத்துப்போய்விட்டான் என்றார்கள். வீட்டைத் தேடிப் போனான்.

வேங்கடேசனின் மனைவி தையல்நாயகி வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இறந்தாரு?"

"வேலைக்குப் போன எடத்துல நெருப்புப் பட்டுடுச்சிங்க. காருக்குப் பின்னால படுத்துக்கினு வெளிச்சம் வர்தான்னு பார்த்துக்கினு இருந்தாராம். பெட்ரோல் ஆவியில பத்திக்கிச்சி. உள்ளேர்ந்து தொறக்க முடியாதாமே, அந்தக் கதவு? சூட்டுல அது இறுகிப்போயி, தகட்ட அறுத்துதான் எடுத்தாங்களாம்."

"அப்ப காருக்குள்ள வெளக்கு பிடிச்சது யாரு?"

"நெடுஞ்செழியன் சாருதான். ஓடிப்போய் ரோட்ல நின்னுக்கிட்டாராம். அப்புறம் ஆஸ்பத்திரியில அவரே, எங்க வூட்ல கேஸ் அடுப்பு வெடிச்சிச்சின்னு எழுதிக் குடுத்துட்டாரு."

அவள் உள்ளே கை காட்டினாள். மூலையில் மூன்று கல். பக்கத்தில் விறகுக் கட்டு.

"எங்க வூட்ல கேஸே கெடையாதுங்க. அத யாருமே வந்து பாக்கல."