வாசலுக்கு யானை வரும் அறை

மற்றவர்களுக்கு அறை கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடங்களாக என் வேலை. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப்பேர் கோயிலுக்கு, பாதிப்பேர் கல்யாணப் பட்டு எடுக்க. இரண்டு கூட்டமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: கோபுர வாசலுக்கு எவ்வளவு கிட்ட? எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்ல அறை. எங்கள் ஊரில் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் மோட்டார் பக்கத்தில் இருக்கும் அறையை, கேள்வி கேட்காத ஆளாகப் பார்த்துத் தள்ளிவிடுவேன். இதில் எனக்குப் பெருமையும் இல்லை, பெரிய வெட்கமும் இல்லை.

ஆகவே அக்கா ஆப்பிரிக்காவுக்குப் போய்க் காடு பார்க்கலாம் என்று சொன்னதும், தங்கும் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டேன்.

அக்கா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கியே முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. குலுங்குகிற வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடியாது. அடுத்த வருடம் ஆபரேஷன், அதற்குப் பிறகு தூரப் பயணத்தை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனால் இந்த ஒரு தடவைதான்.

"சிங்கம் பாக்கணுமாக்கா?" என்று கேட்டேன்.

"சிங்கம் யாருக்கு வேணும்? யானைதான். நாம தேடிக்கினு போறது இல்ல. நாம தங்கற எடத்துக்கு அதுவா வரணும்."

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் வளர்ந்த தெரு ஊரின் ஓரத்தில் இருந்தது. அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்களின் தெரு. திருவிழா நாட்களில் கோயில் யானை வீதிவீதியாகப் போகும், வீட்டுக்கு வீடு நிற்கும், பழம் வாங்கிக்கொள்ளும். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் வேறு பக்கம் போய்விடும். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் முனைக்கு ஓடுவோம். அக்கா மட்டும் ஓட மாட்டாள். எட்டு வயதுப் பெண், கையில் ஒரு பழத்தோடு, எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்பாள். யானை வந்ததே இல்லை. நாளாக ஆக அவள் அதை மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் மடத்தனம்.

சென்னையில் பயண ஏற்பாடு செய்கிற ஒரு பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கொண்டாட்டம். தொழில் தெரிந்தவளிடம் லாட்ஜ் படம் காட்டி ஏமாற்ற முடியாது. திரைச்சீலை மூடியிருந்தால் ஜன்னலுக்கு வெளியே சுவர் என்று அர்த்தம். கட்டிலை மூலையில் நின்று எடுத்திருந்தால் அறையில் நடக்க இடமில்லை. ஆனால் கென்யாவிலிருந்து வந்த படங்கள் என்னைத் திணறடித்தன. செங்கல் கட்டடத்தை விடத் துணிக் கூடாரத்துக்கு வாடகை கூட. கூடாரத்துக்குள்ளே மரக்கட்டில், அலமாரி, மேற்கத்திய கழிப்பறை. குளிக்க வேண்டும் என்றால் ஆள் வந்து வெளியே ஒரு வாளியில் வெந்நீர் ஊற்றி மேலே ஏற்றுவாராம், உள்ளே ஷவரில் அது கொட்டுமாம். இன்னும் கீழே போனால், 'வேலி கிடையாது' என்று பெருமையாக ஒரு வரி.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏம்மா, வேலி இல்லன்னா மிருகம் உள்ள வராதா?"

"வரும் மேடம். அதுக்காகத்தான் நெறைய பேர் அந்த கேம்ப்பை செலக்ட் பண்றாங்க."

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை என்றாள். சாப்பிடப் போகக்கூட ஒரு காவலாளி கூட வருவாராம். சிங்கம் துணியைக் கிழிக்காதா என்று கேட்டேன். கூடாரம் அதற்குப் பெரிய பாறை மாதிரிதான், உள்ளே இருந்தால் ஒன்றும் செய்யாது என்றாள். மூன்று வாரம் வேலை நேரத்தில் இதையேதான் படித்தேன். எந்த மாதம் மிருகங்கள் எங்கே நகரும், ஆற்றோரம் நல்லதா, குன்றின் மேல் நல்லதா என்று எல்லாம் படித்தேன். ஒரு தெலுங்குக் கல்யாண வீட்டாருக்கு நான் பாட்டுக்கு இரண்டு தடவை ஒரே சாவியைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இவ்வளவு படித்தும் கடைசியில் எதைத் தேர்ந்தெடுத்தேன்? சரணாலயத்தின் நுழைவாயிலுக்கு நேர் எதிரே இருந்த லாட்ஜை. வாசலிலிருந்து இருநூறு மீட்டர் என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் என் கை தானாக முன்பணம் கட்டிவிட்டது. சன்னிதித் தெருவில், கோபுரத்துக்கு எதிரில் அறை கிடைத்த சந்தோஷம்.

அக்கா படத்தைப் பார்த்தாள். சுற்றிலும் மின்வேலி. "இங்க யானை வருமா?"

"காடே எதுத்தாப்புல இருக்குதுக்கா. வராம எங்க போவுது?"

அவள் சரி என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். தங்கை தொழில் தெரிந்தவள் என்று நம்பினாள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, விமானம் ஏறி, அங்கே நல்ல சாலையில் நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேர்ந்தோம். லாட்ஜில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாயைத் திறந்தால் உடனே வெந்நீர் வந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தேன், பக்கத்து அறைச் சத்தம் கேட்கவில்லை. விடிந்ததும் லாட்ஜ் ஜீப்பில் சரணாலய வாசலுக்குப் போனோம். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் முன்னால் நிற்கிற மாதிரி வண்டிகள் வரிசையில் நின்றன. எனக்கு அதுவும் நல்ல சகுனமாகத்தான் பட்டது.

கதவு திறந்ததும் டிரைவர் சொன்னார்: இந்த மாதம் யானைகள் எல்லாம் சதுப்பு நிலத்துப் பக்கம் இருக்கின்றன, போக இரண்டரை மணி நேரம் ஆகும்.

கோயிலில் வாசல் தாண்டி நடந்தால் சாமி இருக்கும். போன வருடம் இருந்த இடத்தில்தான் இந்த வருடமும் இருக்கும். காட்டில் வாசல் என்பது நுழைவுச் சீட்டுப் பார்க்கிற இடம், அவ்வளவுதான். யானைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போய்ப் பார்ப்போம் என்றாள் அக்கா. உள்ளே மண் சாலை முழுக்க வரிவரியாக மேடு பள்ளம். ஒரு மணி நேரம் அக்கா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிறகு நெற்றியெல்லாம் வேர்த்து, "நிறுத்தச் சொல்லு" என்றாள். ஒரு யானையைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம்.

அறையில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்தாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்லபா, ஏரோப்ளேன் பாத்தாச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அவள் கேட்டது என்ன, நான் எடுத்தது என்ன!

இன்னும் மூன்று நாள் இருந்தது. வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கே என் வயதில் ஒரு பெண், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். என் ஊரில் நானும் இதே வேலைதான் செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அக்காவால் யானையிடம் போக முடியாது, யானை வருகிற இடமாக ஒன்று சொல்லுங்கள் என்றேன்.

அவர் திருப்பிக் கேட்டார்: உங்கள் அக்கா பயப்படுவாரா? யானை பக்கத்தில் வந்தால் கத்தாமல் உட்கார்ந்திருப்பாரா? ஒரு நாள் முழுக்க ஒன்றுமே வராவிட்டாலும் பொறுத்துக்கொள்வாரா? தங்க வந்தவரைப் பற்றி இப்படியெல்லாம் கேட்கலாம் என்பதே எனக்குப் புதிது. இருபத்திரண்டு வருடத்தில் ஏ.சி.யா, நான்-ஏ.சி.யா என்பதைத் தாண்டி நான் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை.

நான்கு இடத்துக்குப் போன் செய்தார். முக்கால் மணி நேரத் தூரத்தில், தார்ச் சாலையிலேயே போகலாம், ஆற்றங்கரையில் ஐந்தே கூடாரம், வேலி இல்லை, ஒன்று காலி. அங்கே குடைவேல மரங்களில் காய் உதிர்கிற சமயம், யானைக்கு அது உயிர் என்றார். மீதி நாட்களின் வாடகையையும் அவரே விட்டுக்கொடுத்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கூடாரத்தைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்.

கூடாரத்தில் முதல் விதி, உள்ளே பழம் வைத்திருக்கக் கூடாது. யானை மோப்பம் பிடித்துத் துணியைப் பிரித்துவிடுமாம். அக்கா பையிலிருந்த ஆரஞ்சுகளை மனசே இல்லாமல் காவலாளியிடம் கொடுத்தாள். "வூட்டுக்கு வர்றவங்களுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதாமே, இன்னா ஊருமா இது!"

முதல் நாள் குரங்குகள் மட்டும் வந்தன. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூடார வாசலில் போட்டிருந்த துணி நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் கட்டிலில் இருந்தேன். மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்குக் காலடிச் சத்தமே இல்லை. ஒற்றைப் பெண் யானை. அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு, இதற்கு ஒன்று பாதியில் முறிந்திருந்தது. சங்கிலி இல்லை, நெற்றியில் நாமமோ பட்டையோ இல்லை, பக்கத்தில் பாகன் இல்லை. தும்பிக்கை நுனியால் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டே எங்களை நோக்கி வந்தது. தூரத்திலிருந்து காவலாளி, அசையாதீர்கள் என்று உள்ளங்கையைக் காட்டினார்.

எங்கள் கூடாரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, இரண்டு பக்கமும் கயிறு இழுத்து முளை அடித்திருந்த சந்துக்குள் அது நுழைந்தது. அக்காவின் நாற்காலியிலிருந்து நாலு எட்டுதான். அதன் வயிறு உறுமுவது எனக்குக் கேட்டது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுவலிக்காரி அப்படி உட்கார்ந்து நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. சந்தின் கடைசியில் ஆற்றுச் சரிவு. போக வழியில்லை. யானை நின்று யோசித்தது. பின்காலைத் தூக்கி ஒரு கயிற்றைத் தாண்டி வைத்தது, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு கயிறுகூட ஆடவில்லை. வந்த வழியே எங்களைத் தாண்டி நடந்து போனது.

காவலாளி கையை இறக்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அழுதிருந்தாள், ஆனால் அது சந்தோஷம் மட்டும் இல்லை, கோபமும் இருந்தது.

"அப்பா கோயில்ல போயி கேட்டாரு, தெரியுமா உனக்கு?" என்றாள். "எங்க தெருவுக்கும் ஒரு தபா யானைய இட்டுக்கினு வாங்கன்னு. அந்தத் தெருவுல யானை திரும்ப எடம் பத்தாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

எனக்கு அது தெரியாது. அப்பா என்னிடம் சொன்னதே இல்லை.

அக்கா கயிறுகளுக்கு நடுவில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம தெருவுல தண்ணி லாரியே திரும்புண்டி" என்றாள்.